கம்ப்யூட்டரின் காலடித் தடம் கடல் வரை

கம்ப்யூட்டர் வாங்கச் சென்றபோது கடைக்காரர் சொல்லியிருப்பார்: "இந்த மாடல் மேசையில் அதிக இடம் பிடிக்காது சார்." ஒரு கருவி இப்படிப் பிடித்துக்கொள்ளும் இடத்தை ஆங்கிலத்தில் அதன் 'புட்பிரிண்ட்' என்பார்கள். அதாவது காலடித் தடம். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் ரீஸ் என்பவரிடம், கம்ப்யூட்டர் டெக்னீஷியன் ஒருவர் அவருடைய புதிய கம்ப்யூட்டரை இந்தச் சொல்லால்தான் பாராட்டினார். ரீஸ் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நாம் உண்பதற்கும் உடுத்துவதற்கும் எரிப்பதற்கும், மிச்சத்தைக் கொட்டுவதற்கும் பூமியில் எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்று அளக்கும் தன் கணக்குக்கு 'எக்கலாஜிக்கல் புட்பிரிண்ட்' என்று பெயர் வைத்தார். 1992ல் அவர் எழுதிய கட்டுரை வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. தமிழில் சூழலியல் காலடித் தடம் என்கிறோம்.

இன்று சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிற எல்லோர் வாயிலும் அடிபடும் இந்தச் சொல் பிறந்த இடம் ஒரு கம்ப்யூட்டர் மேசை. எனவே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவது பொருத்தம்தான். உங்கள் கம்ப்யூட்டர் மேசையில் பிடிக்கும் இடம் இரண்டு சதுர அடி இருக்கலாம். வீட்டுக்கு வெளியே அது பிடிக்கும் இடம் எவ்வளவு? மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புத்தகக் கணக்கு. தூத்துக்குடியில் இருப்பவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிளக்கிற்குப் பின்னால் என்ன இருக்கிறது?

தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979ல் ஓடத் தொடங்கியது. 1992க்குள் தலா 210 மெகாவாட் திறன் கொண்ட ஐந்து யூனிட்கள் அங்கே நிறுவப்பட்டன. பிறகு 2015ல் நெய்வேலி நிறுவனமும் தமிழக மின் வாரியமும் கூட்டாக அமைத்த, தலா 500 மெகாவாட் கொண்ட இரண்டு யூனிட்கள் ஓடத் தொடங்கின. இவை எல்லாவற்றுக்கும் எரிபொருள் நிலக்கரி. ஒடிசாவின் பாரதீப் போன்ற துறைமுகங்களில் கப்பலில் ஏற்றப்படும் நிலக்கரி, வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் பயணம் செய்து கொதிகலனுக்குள் போகிறது. குளிர்விக்கக் கடல் நீரை எடுக்கிறார்கள். அது சூடாகத் திரும்பக் கடலுக்கே போகிறது. எரிந்த பின் மிஞ்சும் சாம்பலில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. மீதி கடற்கரையை ஒட்டிய சாம்பல் குளத்தில் தங்குகிறது.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது, 100 வாட் கருவி ஒன்று 10 மணி நேரம் ஓடுவது. நிலக்கரியில் இருந்து அந்த ஒரு யூனிட்டைத் தயாரிக்க அரைக் கிலோவுக்கும் அதிகமான நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். நாட்டின் மொத்த மின் உற்பத்தியையும் கலந்து சராசரி எடுத்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது.

"நம் பக்கம்தான் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, சோலாரும் வந்துவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் நன்றாகவே கை கொடுக்கின்றன. பகலில் சோலாரும் உதவுகிறது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் அதிகம் ஓடுவது எப்போது? பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, பெரியவர்கள் வேலை முடிந்து வந்து, இரவு ஏழு மணிக்கு மேல். அந்த நேரத்தில் சோலார் கிடையாது. காற்று சீசன் இல்லாத மாதங்களில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரிதான்.

பில் சொல்லாத கணக்கு

மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று மானிட்டரையும் சேர்த்து 100 வாட் எடுக்கிறது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். (புதிய மாடல்கள் இதைவிடக் குறைவாக எடுக்கும். கேம் விளையாடும் மெஷின்கள் அதிகம் எடுக்கும். லேப்டாப் இதில் மூன்றில் ஒரு பங்கில் வேலையை முடித்துவிடும்.) யாரும் உட்காராமல் தினமும் 5 மணி நேரம் அது சும்மா ஓடினால் ஒரு நாளைக்கு அரை யூனிட். ஆண்டுக்கு 180 யூனிட்டைத் தாண்டிவிடும். இரண்டு மூட்டை நிலக்கரியை யாருக்கும் பயன் இல்லாமல் எரிப்பதற்குச் சமம் இது.

இது ஏன் நமக்கு உறைப்பதில்லை? பில்லில் அது பெரிதாகத் தெரிவதில்லை. 2016ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கியது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பில்லைப் பார்த்து மட்டும் சிக்கனம் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு இனிப் போதாது. நமக்கு இலவசமாக வந்த யூனிட்டுக்கும் கப்பலில் நிலக்கரி வந்திருக்கிறது. சாம்பல் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் மூன்று தவறான எண்ணங்களைப் பார்க்கலாம்.

ஒன்று, ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்கும் என்பது. சேமிக்காது. திரையில் மீன் நீந்தினாலும் பூ மலர்ந்தாலும் மானிட்டர் முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். பழைய டியூப் மானிட்டர்களில் ஒரே படம் நிலையாகப் பதிந்துவிடாமல் இருக்க வந்த வசதி அது. அதற்குப் பதிலாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை அணையவும், பதினைந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குச் செல்லவும் செட் செய்திடுங்கள். இரண்டு நிமிட வேலை இது. ஒரு முறை செய்தால் போதும்.

இரண்டு, ஷட் டவுன் செய்தால் எல்லாம் அணைந்துவிடும் என்பது. சுவரில் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கும் வரை கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 3 வாட் என்றாலும் ஆண்டு முழுவதும் 26 யூனிட். எல்லா பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஷட் டவுன் முடிந்ததும் அந்த ஒரு சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மூன்று, கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. வேண்டும் என்பது. 35 டிகிரி வெப்பம் வரை வேலை செய்யும்படிதான் வீட்டுக் கம்ப்யூட்டர்களை வடிவமைக்கிறார்கள். சுவரில் இருந்து அரை அடி தள்ளி வைத்து, காற்று போக வழி விட்டு, மின்விசிறி போட்டால் போதும். ஒரு மணி நேரம் ஓடும் ஏ.சி., கம்ப்யூட்டர் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் மின்சாரத்தை விழுங்கிவிடும். வீட்டில் பெரிய தீனிக்காரர் கம்ப்யூட்டர் இல்லை, ஏ.சி.தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வாங்கும்போதே வந்துவிட்ட தடம்

அணைத்து வைப்பது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியக் கருத்து.

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 17 அங்குல டியூப் மானிட்டருடன் கூடிய ஒரு மேசைக் கம்ப்யூட்டரைத் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனங்கள், 1,500 கிலோ தண்ணீர் தேவைப்பட்டதாக அது கணக்கிட்டது. கம்ப்யூட்டரின் எடையைப்போல் பத்து மடங்கு எரிபொருள்! டியூப் மானிட்டர் காலம் போய்விட்டது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. லேப்டாப் நிறுவனங்கள் இன்று தாங்களே வெளியிடும் கணக்குகளைப் பாருங்கள். ஒரு லேப்டாப்பின் ஆயுள் முழுவதிலும் வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு, அது பெட்டியில் வைத்து உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது. அதன் பிறகு நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்தப் பங்கைத் திரும்பப் பெற முடியாது. அதை அதிக ஆண்டுகளுக்குப் பங்கு போட மட்டுமே முடியும். மூன்று ஆண்டுகளில் கழிக்கும் லேப்டாப்பை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால், ஓர் ஆண்டுக்கு விழும் பங்கு பாதியாகிவிடும்.

எனவே, "புதிய மாடல் மின்சாரம் குறைவாக எடுக்கும், பூமிக்கு நல்லது" என்று சொல்லி நன்றாக ஓடும் மெஷினை மாற்றச் சொல்பவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். மின்சாரத்தில் மிச்சம் வருவது உண்மைதான். தயாரிப்பில் செலவானதை அந்த மிச்சம் ஈடு கட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மை.

அண்மையில் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐப் பழைய பிராசசர்கள் பலவற்றில் முறைப்படி நிறுவ முடியாது. நன்றாக இயங்கும் மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் வங்கி வேலைகளைச் செய்யக் கூடாது. இதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழ் வசதியும் இருக்கிறது. இண்டர்நெட், மெயில், கடிதம் டைப் செய்வது, பாட்டு, படம் என்ற வீட்டு வேலைகளுக்கு இவை தாராளமாகப் போதும். வேகம் குறைந்திருந்தால் ராமைக் கூட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். இன்னும் நாலைந்து ஆண்டுகள் ஓடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "பின்னால் ராம் கூட்ட முடியுமா? பேட்டரியை மாற்ற முடியுமா?" மெலிதான பல லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டதில் பின்னால் எதையும் கூட்ட வழியில்லை.

கடற்கரை ஊர்களில் மெஷினின் ஆயுளைக் குறைப்பது உப்புக் காற்று. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். வாரம் ஒரு நாளாவது ஓட விடுங்கள்; நீண்ட நாள் ஓடாமல் இருக்கும் மெஷினில்தான் ஈரம் சேரும். திடீரென்று ஆன் ஆகாமல் பீப் சத்தம் மட்டும் கொடுத்தால் உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். மின் இணைப்பை முழுவதும் நீக்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் சர்வீஸ் டெக்னீஷியனிடம் இதைச் செய்யச் சொல்லலாம்.

சிப்பி விளையும் வரை காத்திருந்தார்கள்

வைத்திருப்பதும் காத்திருப்பதும் இந்தக் கரைக்குப் புதிய பாடம் இல்லை. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. முத்துச் சிப்பிகள் சேரும் கடலடிப் பாறைத் தளங்களுக்கு முத்துப்பார் என்று பெயர். முதலில் ஆட்களை இறக்கிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்து விளைந்திருக்கிறதா என்று மதிப்பிடுவார்கள். விளையவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே இல்லாமல் போனதும் உண்டு. 1955ல் இருந்து 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் கடல் தானாகக் கொடுத்த அந்தக் குளிப்பு திரும்ப வரவில்லை.

காத்திருக்கத் தெரிந்த கரையிலேயே இந்த நிலை. புது மாடல் வந்த உடனே கை அரிக்கும் நம் பழக்கத்தை வைத்து எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

கழிக்கும்போது யாரிடம் கொடுப்பது?

என்றாவது ஒரு நாள் கழித்துத்தான் ஆக வேண்டும். 2022ல் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

நாம் வழக்கமாகச் செய்வது பழைய இரும்புக் கடையில் போடுவது. அங்கே இருந்து கைமாறிப் போகும் கேபிள்களைத் திறந்த வெளியில் எரித்துத் தாமிரத்தை எடுக்கிறார்கள். மேலே இருக்கும் பி.வி.சி. எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் வெளியாகும். தாமிரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன விலை என்று தூத்துக்குடிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த ஆலை மூடப்பட்டது. ஆலைப் புகை வேண்டாம் என்று சொன்ன ஊரில், நம் வீட்டுக் கேபிளில் இருக்கும் தாமிரம் எந்தக் குப்பைமேட்டில் எரிகிறது என்று கேட்காமல் இருப்பது சரியா? பழைய சர்க்யூட் போர்டுகளில் தாமிரமும் தங்கமும் சுரங்கத் தாதுவில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கின்றன. முறையாக எடுத்தால் அந்த அளவுக்குப் புதிதாகத் தோண்டி உருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்தன. 2022ல் கொண்டுவரப்பட்ட புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் இவை வைக்கின்றன. எனவே உங்கள் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து, பழையதை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யு.பி.எஸ். பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கும். புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்; அதற்கு விலையும் கழிப்பார்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் பைல்களை வேறிடத்தில் காப்பி செய்துகொண்டு, ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை முழுவதும் அழித்திட மறக்க வேண்டாம்.

ஓடும் நிலையில் இருக்கும் மெஷினை மறுசுழற்சிக்குக் கொடுப்பதைவிட இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது நல்லது. தெருவில் படிக்கிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும்.

"நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது?"

இந்தக் கேள்வி வந்தே தீரும். மின் நிலையங்களையும் ஆலைகளையும் அரசும் நிறுவனங்களும்தான் சரி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் சுவிட்சை அணைப்பதால் அந்தப் பொறுப்பு அவர்களை விட்டுப் போய்விடாது. அதை நாம் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் சின்னச் சின்னக் கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986ல் இவை கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இந்தத் தீவுகளைச் சுற்றி அலையைத் தடுத்து நின்றவை பவளப்பாறைகள். பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் அவற்றை உடைத்துப் படகுகளில் எடுத்து வந்தார்கள். ஒரு படகு எடுத்தது கொஞ்சம்தான். எந்த ஒரு படகும் எந்தத் தீவையும் அழிக்கவில்லை. ஆனால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2005 வாக்கில் உடைப்பது நின்றது. தூத்துக்குடிக்கு அருகில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 2010லும் 2016லும் கடல் நீர் சூடேறி மிச்சமிருந்த பவளங்கள் வெளுத்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் ஏற்றிய வெப்பம் அது.

சிறுகச் சிறுக எடுத்தது இரண்டு தீவுகளை மூழ்கடித்திருக்கிறது என்றால், சிறுகச் சிறுக விட்டுவைப்பதற்கும் பலன் இருக்கத்தான் செய்யும்.

எனவே இந்த வாரம் மூன்று வேலைகள் செய்யுங்கள். பவர் செட்டிங்கை மாற்றுங்கள். எல்லா பிளக்குகளையும் ஒரு சுவிட்சுக்குக் கீழே கொண்டு வாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர் வாங்கிய தேதியை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில் ஒட்டலாம். அடுத்த முறை புது மாடல் விளம்பரம் பார்த்து மனம் அலையும்போது அந்தத் தேதியை ஒரு தடவை பாருங்கள். எட்டு ஆண்டுகள் ஆகவில்லை என்றால், முதலில் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.